ஷத்தீலா: கூடாரம் கான்கிரீட் ஆன பிறகும் முகாம் ஏன் முகாமாகவே இருக்கிறது?

2023 அக்டோபர் 31 அன்று காஸாவின் ஜபாலியா அகதிகள் முகாம் மீது குண்டு வீசப்பட்டபோது வெளிவந்த படங்களில், இடிந்து கிடந்தவை பல மாடிக் கட்டடங்கள். அகதிகள் முகாம் என்றால் கூடாரங்கள்தானே, இது நகரம் மாதிரி அல்லவா இருக்கிறது என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. சிலர் அறியாமல் கேட்டார்கள். சிலர் அங்கே இருப்பவர்கள் அகதிகளே அல்லர் என்று நிறுவுவதற்காகவே கேட்டார்கள். இரண்டு தரப்பும் கட்டடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது. ஒரு பாலஸ்தீன முகாமை முகாமாக வைத்திருப்பது கட்டடம் எதனால் ஆனது என்பதன்று. அந்த நிலத்தின் மீதும் அந்த நாட்டின் சட்டத்தின் முன்னும் அங்கே வாழ்பவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதே.

இதைப் பொதுவாகச் சொல்லிப் போனால் புரியாது. ஆகவே ஒரே ஒரு முகாமை, லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் தென்பகுதியில் இருக்கும் ஷத்தீலாவை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எப்படி உருவானது, யார் நடத்துகிறார்கள், அதன் சந்துகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பட்டா இல்லாத இரண்டு சென்ட்

ஒரு குடும்பத்துக்கு அவசரத்துக்கு ஒதுங்க இரண்டு சென்ட் இடம் கொடுக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா கிடையாது, இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். முதலில் ஓலைக் கொட்டகை, பிறகு தகரம், பிறகு செங்கல் சுவர். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் ஆகிறது. பக்கத்து மனையை விலைக்கு வாங்கலாம் என்றால் இவர்கள் பெயரில் பத்திரம் பதிய முடியாது. நல்ல வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வேறு ஊரில் குடியேறலாம் என்றால் அந்த வேலைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மிச்சம் இருக்கும் ஒரே திசை மேலே. மாடி மேல் மாடி எழும்பும்; கீழே வெளிச்சம் குறையும். மூன்று தலைமுறை கழித்து வெளியிலிருந்து வந்து பார்ப்பவர், நான்கு மாடி கட்டியிருக்கிறார்களே, இவர்களுக்கு என்ன குறை என்பார்.

இந்த ஒப்பீடு ஓரளவுக்குத்தான் பொருந்தும். நம் ஊரில் பட்டா இல்லாமல் குடியிருப்பவர் குடிமகன்; அவருக்கு வாக்கு உண்டு, மனு கொடுக்க ஓர் அலுவலகம் உண்டு, என்றாவது பட்டா கிடைக்கும் வழியும் உண்டு. ஷத்தீலாவில் பிறந்தவருக்கு இவை எதுவும் இல்லை.

எங்கிருந்து வந்தார்கள்

1948-இல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் தங்கள் ஊர்களிலிருந்து விரட்டப்பட்டார்கள் அல்லது உயிருக்கு அஞ்சி வெளியேறினார்கள். போர் முடிந்ததும் திரும்பி வர அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பாலஸ்தீனர்கள் இந்த இழப்பை நக்பா என்கிறார்கள். பேரழிவு என்று பொருள். வடக்குப் பகுதியான கலிலேயாவிலிருந்து தப்பியவர்கள் பெரும்பாலும் அருகிலிருந்த லெபனானுக்குச் சென்றார்கள்.

1949-இல் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு ஷத்தீலாவில் முகாம் அமைத்தது. முதலில் வந்து சேர்ந்த சில நூறு பேர் அம்கா, மஜ்த் அல்-குரூம், யாஜூர் ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். அக்கா நகருக்கு அருகில் இருந்த அம்கா 1948 ஜூலையில் கைப்பற்றப்பட்டுக் காலியாக்கப்பட்டது. அங்கிருந்து பெய்ரூட் சுமார் 100 கிலோமீட்டர்தான். அந்த இடத்தில் மறு ஆண்டே ஏமனிலிருந்து வந்த யூதர்களுக்காக ஒரு குடியிருப்பு நிறுவப்பட்டது. அதன் பெயரும் அம்காதான். மஜ்த் அல்-குரூம் அரபு ஊராகவே இன்றும் இஸ்ரேலுக்குள் இருக்கிறது. வெளியேறாமல் அங்கேயே தங்கியவர்களின் பிள்ளைகள் இஸ்ரேலியக் குடியுரிமை பெற்றார்கள். ஷத்தீலாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் எந்த நாட்டின் குடிமக்களும் ஆகவில்லை. ஒரே ஊர், ஒரே சொந்தங்கள். அந்தச் சில மாதங்களில் எல்லையின் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதே இத்தனை வேறுபாட்டையும் தீர்மானித்துவிட்டது.

1948 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய 194-ஆம் தீர்மானம், அண்டையாருடன் அமைதியாக வாழ விரும்பும் அகதிகள் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட வேண்டும், திரும்ப விரும்பாதவர்களின் சொத்துக்கு இழப்பீடு தரப்பட வேண்டும் என்றது. திரும்பும் உரிமை என்று பேசப்படுவது இதை அடிப்படையாகக் கொண்டதுதான். முகாம்கள் இடைக்கால ஏற்பாடாகவே தொடங்கப்பட்டன என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். தற்காலிகம் என்ற அந்த அடையாளம் இன்றுவரை நீக்கப்படவில்லை.

முகாம் யாருடையது?

அதிகம் குழப்பிக்கொள்ளப்படும் இடம் இதுதான். முகாமை ஐ.நா. நடத்துகிறது என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது சரியன்று.

1949 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீன அகதிகளுக்கென்றே தனி நிவாரணப் பணி முகமை ஒன்றை உருவாக்கியது. அது 1950 மே மாதம் செயல்படத் தொடங்கியது. இந்தக் கட்டுரையில் முகமை என்று குறிப்பிடப்படுவது அதுவே. ஜோர்டான், லெபனான், சிரியா, மேற்குக் கரை, காஸா ஆகிய ஐந்து பகுதிகளில் அது அங்கீகரித்த முகாம்கள் 58. அவற்றில் 12 லெபனானில் இருக்கின்றன. முகமையிடம் பதிவு செய்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே முகாம்களில் வாழ்கிறார்கள்.

முகமை பள்ளிக்கூடம் நடத்தும், சுகாதார நிலையம் நடத்தும், குப்பை அள்ளும், மிக வறிய குடும்பங்களுக்கு உதவித்தொகை தரும். முகாமின் நிலம் அதற்குச் சொந்தமன்று. அங்கே காவல் பணியும் அதன் பொறுப்பன்று. நிலம் அரசுடையதாக இருக்கும், அல்லது பெரும்பாலும் உள்ளூர் உரிமையாளர்களிடமிருந்து அரசு குத்தகைக்கு எடுத்ததாக இருக்கும். குடியிருப்பவருக்கு இருந்துகொள்ளும் உரிமை மட்டும் உண்டு. லெபனானில் இதற்கு மேலும் ஒரு கை இருக்கிறது. முகாமுக்குள் அன்றாட நிர்வாகத்தைப் பார்ப்பது மக்கள் குழு எனப்படும் அமைப்பு. அதில் பாலஸ்தீன அரசியல் இயக்கங்களின் பிரதிநிதிகள் இருப்பார்கள், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் இருப்பது அரிது. ஒரு குடும்பம் தன் மாடியை இன்னொரு குடும்பத்துக்கு விற்றால், மக்கள் குழுவின் முன்னிலையில் எழுதப்படும் ஒரு தாள்தான் பத்திரம். முகாமுக்கு வெளியே அந்தத் தாளுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

சுருங்கச் சொன்னால், நிலம் ஒருவரிடம், சேவை இன்னொருவரிடம், நிர்வாகம் மூன்றாமவரிடம், குடியுரிமை யாரிடமும் இல்லை. கழிவுநீர்க் குழாய் உடைந்தால் யாரைக் கேட்பது என்ற எளிய கேள்விக்குக்கூட ஷத்தீலாவில் நேரான பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுவே.

தகரக் கூரையும் கெய்ரோ ஒப்பந்தமும்

முதல் இருபது ஆண்டுகளில் லெபனானின் முகாம்கள் ராணுவ உளவுப் பிரிவின் கண்காணிப்பில் இருந்தன. நிரந்தரக் கூரை போடத் தடை இருந்தது. சுவரைக் கல்லால் எழுப்பிக்கொள்ளலாம். கூரை தகரமாகவே இருக்க வேண்டும். காற்றில் தகரம் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் கற்களை ஏற்றி வைத்தார்கள். கான்கிரீட் ஊற்றினால் அகதிகள் நிலைத்துவிடுவார்கள் என்பது அரசின் அச்சம். உண்மையில் அகதிகளும் அந்த ஆண்டுகளில் மறுகுடியேற்றத் திட்டங்களை எதிர்த்தார்கள். வேறிடத்தில் வீடு ஏற்றால் ஊர் திரும்பும் உரிமை போய்விடும் என்று கருதினார்கள்.

1969 நவம்பரில் லெபனான் ராணுவத் தளபதியும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அரஃபாத்தும் கெய்ரோவில் செய்துகொண்ட ஒப்பந்தம் நிலைமையை மாற்றியது. முகாம்களின் உள் நிர்வாகம் பாலஸ்தீனர்களிடம் வந்தது. மக்கள் குழுக்கள் உருவானதும் தகரக் கூரைகள் கான்கிரீட்டாக மாறியதும் அப்போதுதான். கூடவே முகாம்கள் ஆயுத இயக்கங்களின் தளங்களாகவும் ஆயின. 1975-இல் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அதற்கான விலையை முகாம் மக்கள் கொடுத்தார்கள். 1976-இல் பெய்ரூட்டின் தல் அல்-ஸாதர் முகாம் பல வார முற்றுகைக்குப் பின் அடியோடு அழிக்கப்பட்டது.

1982 செப்டம்பர்

ஷத்தீலாவின் பெயரை உலகம் அறிந்தது அதன் துயரத்தால்தான். பலரும் சப்ரா, ஷத்தீலா என்று இரண்டு முகாம்களாகச் சொல்கிறார்கள். ஷத்தீலா முகாம், சப்ரா அதை ஒட்டியுள்ள, ஏழை லெபனானியர்களும் பாலஸ்தீனர்களும் கலந்து வாழும் சந்தைப் பகுதி.

1982 ஜூனில் இஸ்ரேல் லெபனானுக்குள் படையெடுத்து பெய்ரூட்டை முற்றுகையிட்டது. அமெரிக்கா முன்னின்று செய்த ஏற்பாட்டின்படி, செப்டம்பர் தொடக்கத்துக்குள் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் போராளிகள் நகரை விட்டுக் கப்பலேறினார்கள். முகாம்களில் எஞ்சியவர்கள் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள், ஆயுதமற்ற ஆண்கள். பாதுகாப்பு தரப்படும் என்ற வாக்குறுதி அவர்களுக்கு இருந்தது. செப்டம்பர் 14 அன்று, லெபனானின் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த கிறிஸ்தவ ஆயுதப் படைத் தலைவர் பஷீர் ஜெமாயல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். மறுநாள் இஸ்ரேலிய ராணுவம் மேற்கு பெய்ரூட்டுக்குள் நுழைந்து முகாமைச் சூழ்ந்தது. 16-ஆம் தேதி மாலை ஜெமாயலின் ஃபலாஞ்சிஸ்ட் படையினர் உள்ளே அனுப்பப்பட்டார்கள். 18-ஆம் தேதி காலைவரை கொலை நடந்தது. இரவில் வெளிச்சத்துக்காக இஸ்ரேலிய ராணுவம் வானில் ஒளிக்குண்டுகளை ஏவியது. கொல்லப்பட்டவர்களில் பாலஸ்தீனர்களோடு லெபனானிய ஷியாக்களும் இருந்தார்கள். எண்ணிக்கை இன்றும் தீரவில்லை: இஸ்ரேலிய உளவுத்துறை 700 முதல் 800 வரை என்றது, 3,500 வரை செல்லும் மதிப்பீடுகளும் உண்டு.

இஸ்ரேல் அமைத்த கஹான் ஆணையம் 1983 பிப்ரவரியில், பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனுக்கு இதில் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்று கூறியது. அவர் அந்தப் பதவியை விட்டார், அமைச்சரவையில் நீடித்தார், 2001-இல் பிரதமரானார். கொலை செய்தவர்கள் எவரும் லெபனானில் இதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

அத்தோடு முடியவில்லை. 1985 முதல் 1988 வரை நடந்த முகாம்களின் போரில், சிரியாவின் ஆதரவு பெற்ற அமல் என்ற ஷியா இயக்கம் ஷத்தீலாவை மீண்டும் மீண்டும் முற்றுகையிட்டது. ஒரு முற்றுகை மாதக்கணக்கில் நீண்டது. இறந்தவர்களை வெளியே கொண்டுபோய் அடக்கம் செய்ய வழியில்லாததால் முகாமின் பள்ளிவாசலுக்குள்ளேயே புதைத்தார்கள். வீடுகளில் பெரும்பகுதி இடிந்தது. இன்று நாம் பார்க்கும் ஷத்தீலா அந்த இடிபாடுகளின் மேல், எந்த நகரத் திட்டமும் இல்லாமல், அவரவர் கையில் இருந்ததைக் கொண்டு எழுப்பப்பட்டது. சப்ராவில் பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கம் நடத்திய காஸா என்ற பெயருள்ள மருத்துவமனையும் அந்த ஆண்டுகளில் பாழாகி, வீடிழந்தவர்கள் குடியேறும் இடமாயிற்று. நோயாளிகள் படுத்திருந்த அறைகளில் பிறகு தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்தன.

சட்டம் எப்படி வேலியாகிறது

போர்கள் முடிந்த பிறகும் மக்கள் ஏன் வெளியேறவில்லை? இதற்கு லெபனானின் அரசியல் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பதவிகள் மதப் பிரிவுகளுக்கிடையே பங்கிடப்படுகின்றன. அதிபர் மரோனியக் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், நாடாளுமன்றத் தலைவர் ஷியா முஸ்லிம் என்பது மரபு. பாலஸ்தீன அகதிகளில் மிகப் பெரும்பான்மையினர் சுன்னிகள். அவர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் இந்தச் சமநிலை குலையும் என்ற அச்சம் ஆழமானது. உள்நாட்டுப் போரின் முடிவில் அரசியலமைப்பின் முகவுரையிலேயே, வெளியாரை நிலையாகக் குடியேற்றுதல் கூடாது என்று எழுதப்பட்டது. இப்படி நிலையாகக் குடியேற்றுவதைத்தான் அங்கே தவ்தீன் என்கிறார்கள்.

அதிலிருந்து மற்றத் தடைகள் கிளைக்கின்றன. மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற தொழில்களுக்கு அந்தந்தத் தொழில் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். அதற்கு லெபனானியராக இருக்க வேண்டும், அல்லது உங்கள் நாடு லெபனானியருக்கு அதே உரிமையைத் தர வேண்டும். தனக்கென நாடு இல்லாதவர் இந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவார்? 2010-இல் செய்யப்பட்ட திருத்தம் வேலை உரிமத்துக்கான கட்டணத்தை நீக்கியது. இந்தத் தொழில்களின் கதவைத் திறக்கவில்லை. முறையான வேலையில் இருப்பவர் சமூகக் காப்பீட்டுக்குப் பணம் கட்டினாலும் நோய்க்கால, குடும்ப உதவிகள் அவருக்குக் கிடையா. ஆகவே பெரும்பாலோர் கட்டட வேலை, துப்புரவு, சிறு கடை, கூலி என்று எழுத்தில் வராத வேலைகளிலேயே இருக்கிறார்கள். 2001-இல் வந்த 296-ஆம் எண் சட்டம், அங்கீகரிக்கப்பட்ட அரசொன்றின் குடியுரிமை இல்லாதவர் லெபனானில் சொத்து வாங்க முடியாது என்றது. பாலஸ்தீனர் என்ற பெயரை எழுதாமலேயே அவர்களைக் குறிவைத்த சட்டம் அது.

எல்லா நாடுகளும் இப்படி நடந்துகொள்ளவில்லை. ஜோர்டான் 1948 அகதிகளில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை வழங்கியது. சிரியா குடியுரிமை தராவிட்டாலும், 1956-இல் இயற்றிய சட்டத்தின் மூலம் வேலையிலும் கல்வியிலும் தன் குடிமக்களுக்கு ஏறக்குறைய இணையாக நடத்தியது. முகாம் வாழ்க்கை இடத்துக்கு இடம் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

சந்துக்குள்ளே

இப்போது ஷத்தீலாவின் ஒரு சந்துக்குள் நுழைந்து பார்த்தால், கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்னவற்றில் காரணம் இருக்கும்.

முகாமின் அதிகாரபூர்வ எல்லை தொடக்கத்திலிருந்து விரிவாக்கப்படவே இல்லை. மக்கள்தொகை பல மடங்காயிற்று. அதனால் சந்து இருவர் எதிரெதிரே வந்தால் தோளைத் திருப்பிக்கொண்டு கடக்கும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது. மேல்மாடிகள் சந்தின் மீது நீண்டு ஒன்றையொன்று தொட வருவதால் நடுப்பகலிலும் கீழ்த்தளத்தில் விளக்கெரிய வேண்டும். சூரிய ஒளி படாத சுவர்களில் ஈரம் காய்வதில்லை. மொட்டை மாடிகளில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். மகனுக்குக் கல்யாணம் ஆனால் அடுத்த தளம் போட. அடித்தளம் அத்தனை மாடிகளைத் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல அனுமதி வழங்கும் அலுவலகம் எதுவும் இல்லை.

தலைக்கு மேலே மின்கம்பிகள் கொடிபோல் பின்னிக் கிடக்கின்றன. லெபனானில் அரசு மின்சாரம் நாளில் சில மணிநேரமே வரும். மிச்ச நேரத்துக்குத் தனியார் ஜெனரேட்டர்காரரிடம் மாதச் சந்தா கட்டி ஆம்பியர் கணக்கில் இணைப்பு வாங்குகிறார்கள். ஆகவே ஒரே வீட்டுக்கு இரண்டு வலைப்பின்னல்கள். அதே உயரத்தில், அதே ஆணிகளில், தண்ணீர்க் குழாய்களும் போகின்றன. குழாய் கசியும், மழைக்காலத்தில் கம்பியிலிருந்து நீர் சொட்டும். பெய்ரூட்டின் முகாம்களில் மின்சாரம் தாக்கி இறப்பது அபூர்வமான விபத்தன்று, சிறுவர்களும் இளைஞர்களும் ஆண்டுதோறும் இப்படிப் பலியாகிறார்கள். போர் இல்லாத நாளிலும் சந்தில் நடப்பதற்கே பயப்பட வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

குழாயில் வரும் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடலோர நகரமான பெய்ரூட்டில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது. அந்த நீரில் துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிக்கவும் சமைக்கவும் கேனில் காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டுக் குழாய்கள் துருப்பிடித்துச் சீக்கிரம் கெடும். சம்பளம் குறைந்தவர்கள் தண்ணீருக்கு அதிகம் செலவழிக்கும் நிலை இப்படித்தான் உண்டாகிறது.

பள்ளிக்கூடம் மட்டும் ஓரளவு நிலைத்த நம்பிக்கை. முகமை தன் ஐந்து பகுதிகளிலும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை நடத்தினாலும், மேல்நிலைப் பள்ளிகளை லெபனானில் மட்டுமே நடத்துகிறது; அங்கே அரசுப் பள்ளிகளில் பாலஸ்தீனப் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது கடினம் என்பதே காரணம். ஆனால் முகமையின் வருமானம் நாடுகள் விரும்பிக் கொடுக்கும் நன்கொடை. நெடுங்காலம் மிகப் பெரிய நன்கொடையாளராக இருந்த அமெரிக்கா 2018-இல் நிதியை நிறுத்தியது, 2021-இல் மீண்டும் கொடுத்தது, 2024-இல் மறுபடி நிறுத்தியது. வாஷிங்டனில் எடுக்கப்படும் முடிவு ஷத்தீலாவின் வகுப்பறையில் ஆசிரியர் எண்ணிக்கையாக வந்து இறங்குகிறது.

பேரப்பிள்ளைகளும் அகதிகளா?

இதை ஒரு குற்றச்சாட்டாகவே எழுப்புகிறார்கள்: பாலஸ்தீனர்களுக்கு மட்டும் அகதி நிலை பரம்பரையாக வருகிறதாம். 1946 ஜூன் 1 முதல் 1948 மே 15 வரை பாலஸ்தீனத்தில் வாழ்ந்து, போரினால் வீட்டையும் வாழ்வாதாரத்தையும் இழந்தவர் என்பது முகமையின் வரையறை. அவர்களில் ஆண்களின் வழித்தோன்றல்களும் பதிவு செய்துகொள்ளலாம். மற்ற அகதிகளைப் பார்க்கும் ஐ.நா. அகதிகள் ஆணையமும், தீர்வு கிடைக்காமல் நீளும் நிலைமைகளில் முகாமில் பிறக்கும் பிள்ளைகளை அகதிகளாகவே ஏற்கிறது. பாகிஸ்தானில் பிறந்த ஆப்கன் அகதிகளின் பிள்ளைகள் இதற்கு உதாரணம். நாடில்லாத பெற்றோருக்கு, குடியுரிமை தராத மண்ணில் பிறக்கும் குழந்தை வேறு எதுவாக ஆக முடியும்?

இன்று யார் இருக்கிறார்கள்

2017-இல் லெபனான் அரசு நடத்திய கணக்கெடுப்பு, நாட்டின் முகாம்களிலும் அவற்றை ஒட்டிய குடியிருப்புகளிலும் 1,74,422 பாலஸ்தீனர்கள் வாழ்வதாகக் கண்டது. முகமையின் பதிவேட்டிலோ 4 லட்சத்துக்கும் அதிகமான பெயர்கள். இடைவெளிக்குப் பெரிய காரணம், வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்களின் பெயர்கள் பதிவில் தொடர்வது. அந்தக் கணக்கெடுப்பின்போதே ஷத்தீலாவில் பாலஸ்தீனர்கள் பெரும்பான்மையினர் அல்லர். 2011-க்குப் பிறகு சிரியப் போரிலிருந்து தப்பிய சிரியர்களும், டமாஸ்கஸின் யர்மூக் முகாமிலிருந்து இரண்டாம் முறை அகதியான பாலஸ்தீனர்களும், நகரில் வாடகை மலிவான இடம் இதுவே என்பதால் இங்கே குவிந்தார்கள். அவர்களுக்காக இன்னும் மாடிகள் எழுந்தன.

வசதிகளை மேம்படுத்தினால் திரும்பும் உரிமை பலவீனப்படும் என்று லெபனானியர், பாலஸ்தீனர் ஆகிய இரு தரப்பிலும் இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். முகாம்களில் வாழ்பவர்கள் அந்த வாதத்தை வெகுநாள் முன்பே கடந்துவிட்டார்கள். 2010 ஜூனில் லெபனானின் முகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பெய்ரூட்டுக்கு வந்து வேலை உரிமையும் சொத்துரிமையும் கேட்டார்கள். 2019 ஜூலையில் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர் மீது தொழிலாளர் அமைச்சகம் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோது, தங்களை வெளிநாட்டார் பட்டியலில் சேர்ப்பதை எதிர்த்து மீண்டும் தெருவில் இறங்கினார்கள். குடியுரிமை அவர்கள் கோரிக்கையில் இல்லை. ஊர் திரும்பும்வரை, இருக்கும் இடத்தில் படித்த தொழிலைச் செய்யவும், குடியிருக்கும் வீட்டைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளவும் சட்டம் அனுமதிக்க வேண்டும் என்பதே கோரிக்கை.